மண்சாலைக்கான சிறு வீடு: அமெரிக்க கேம்பிங் டிரெய்லரின் வரலாறு

காரின் பின்புறக் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படுவதும், நிறுத்திய இடத்தில் ஒரு குடும்பம் சமைத்து உண்டு படுத்துறங்க இடம் தருவதுமான சிறு வண்டி, அமெரிக்காவில் கேம்பிங் டிரெய்லர் என்ற பெயரில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விற்பனையாகிறது. தார்ச்சாலையை விட்டிறங்கி மணலிலும் கல்லிலும் ஓடைப் படுகையிலும் செல்வதற்கென்று உயரமான சக்கரங்களோடும் வலுவான அடிச்சட்டத்தோடும் செய்யப்படும் வகையை ஆஃப்ரோடு டிரெய்லர் என்கின்றனர். விற்பனையாளர்கள் இந்த வகையை அண்மைக்காலப் புதுமையாகவே முன்வைத்தாலும், அதன் பின்புறச் சமையலறை 19ஆம் நூற்றாண்டு டெக்சஸின் மாட்டு மந்தைகளோடு வந்தது. அதன் சக்கர அமைப்பு இரண்டாம் உலகப் போரின் படைத்தளவாடங்களிலிருந்து வந்தது. அதன் உடல் அளவு மரக்கடையில் விற்கும் பிளைவுட் பலகையின் அளவிலிருந்து வந்தது. இந்த வண்டி நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் கிடைத்த காலங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டு மிஞ்சிய பொருள்களைக் கொண்டும், வைக்காமல் விட்டுவிட்ட வசதிகளைக் கொண்டுமே விலை இறங்கியது என்பது தெளிவாகப் புலப்படும்.

குடும்பத்தையும் அதன் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரே வண்டியில் ஏற்றி நெடுந்தொலைவு செல்லும் வழக்கத்துக்கு அந்நாட்டில் முதல் வடிவம் தந்தது, 1840களிலிருந்து மேற்கு நோக்கிக் குடியேறியவர்களின் துணிக்கூண்டு வண்டி. பென்சில்வேனியாவில் சரக்கு ஏற்றப் பயன்பட்ட கானஸ்டோகா என்னும் பெருவண்டி, ஏறத்தாழ 2,000 மைல் நீண்ட ஆரிகன் பாதைக்குக் கனம் மிகுந்ததாக இருந்தமையால், குடியேறிகளில் பெரும்பாலோர் உழவர்களின் சாதாரணப் பண்ணை வண்டிக்கு வளைவுக் கட்டைகளும் துணிக்கூரையும் பொருத்திக்கொண்டனர். மாடுகள் களைத்துவிடும் என்பதால், வண்டியில் சாமான்கள் செல்ல மனிதர்கள் பக்கத்தில் நடந்தே சென்றனர். இரவில் வண்டிக்கு அடியிலோ கூடாரத்திலோ படுத்தனர். திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிச் சென்று, ஆற்றங்கரையில் மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டி நிழலில் அடுப்பு மூட்டிய தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பழைய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு விளக்கமின்றியே புரியும். வண்டி என்பது வீடன்று, வீட்டுச் சாமான்களைச் சுமப்பது மட்டுமே என்ற இந்தத் தெளிவு பின்னாளில் பலமுறை மறக்கப்பட்டது.

அந்த வண்டியைச் சமையலறையாக மாற்றியவர் டெக்சஸ் மாட்டுப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டான 1866இல், ஆயிரக்கணக்கான மாடுகளை மாதக்கணக்கில் ஓட்டிச் செல்லும் பயணம் ஒன்றுக்காக, படைக்குத் தேவைப்படாமல் போன ஒரு வண்டியை அவர் வாங்கி, ‘போ டார்க்’ என்னும் மிகக் கடினமான மரத்தைக் கொண்டு அதைத் திருத்தியமைக்கச் செய்தார். மர அச்சுக்குப் பதிலாக இரும்பு அச்சையும் பொருத்தினார். வண்டியின் பின்புறத்தில் பல இழுப்பறைகளும் தட்டுகளும் கொண்ட அலமாரி ஒன்று நிறுத்தப்பட்டது. அதன் கதவு பக்கவாட்டில் திறக்காமல், அடிப்பகுதியில் கீல் வைத்துக் கீழ்நோக்கிச் சாயும்படி அமைக்கப்பட்டு, ஒற்றைக் காலின் மேல் நின்று சமையற்காரருக்கு வேலைப் பலகையாகப் பயன்பட்டது. மாவு, காப்பிக்கொட்டை, உப்பு, அவரை வகைகள், மருந்து, ஊசி நூல் என ஒவ்வொன்றுக்கும் தனி அறை இருந்தது. பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய் கட்டப்பட்டது. வண்டியின் அடியில் தொட்டில் போலக் கட்டித் தொங்கவிட்ட மாட்டுத்தோலில், வழியில் பொறுக்கிய விறகும் காய்ந்த சாணமும் சேர்த்து வைக்கப்பட்டன. ‘சக் வேகன்’ என்று பெயர் பெற்ற இந்த வண்டியில் ஆள் படுக்க இடம் கிடையாது. சமைப்பவர் வெளியே நின்று சமைத்தார், உண்பவர் வெளியே அமர்ந்து உண்டனர். இன்று சந்தையிலுள்ள சிறு டிரெய்லர்களின் பின்கதவைத் தூக்கினால் தென்படும் அடுப்பும் தட்டுகளும் வேலைப் பலகையும் குட்நைட்டின் அலமாரியிலிருந்து அடிப்படையில் வேறுபட்டவை அல்ல. 2005ஆம் ஆண்டு டெக்சஸ் அரசு சக் வேகனை மாநிலத்தின் அதிகாரபூர்வ வண்டியாக அறிவித்தது.

வேலைக்காக வெளியில் தங்கியவர்களின் மரபு டெக்சஸுடையது என்றால், ஓய்வுக்காகக் குடும்பத்தோடு வெளியில் தங்கும் மரபின் தெளிவான எடுத்துக்காட்டு நியூ ஜெர்சியின் கடற்கரையில் உள்ளது. மெதடிஸ்ட் திருச்சபையினர் 1869இல் நிறுவிய ஓஷன் குரோவ் என்னும் ஊரில், கோடைக்காலச் சமயக் கூட்டங்களுக்கு வரும் குடும்பங்கள் கூடாரம் அமைத்துத் தங்கின. 114 கூடாரங்கள் இன்றும் அங்கே ஆண்டுதோறும் கோடையில் எழுப்பப்படுகின்றன. ஒவ்வொன்றின் பின்பகுதியும் நிலையான மரக்கொட்டகை; சமையலறையும் குளியலறையும் அதற்குள் அடங்க, முன்பகுதி மட்டும் துணியால் ஆனது. கோடை முடிந்ததும் துணியும் சாமான்களும் அந்தக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டப்படும். கனமான, விலை கூடிய பொருள்களைக் கடினமான சிறு பெட்டிக்குள் அடக்கிவிட்டு, மனிதருக்கு வேண்டிய பரப்பைத் துணியால் விரித்துக்கொள்ளும் இந்த முறையே, பின்னர் வந்த மடிப்புக் கூடார டிரெய்லர்களின் அடிப்படையாகவும் அமைந்தது. அதைவிட மலிவான வழியை இன்றுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

மோட்டார் வாகனம் வந்த காலத்தில் ஆஃப்ரோடு என்ற தனிப்பிரிவுக்குத் தேவையே எழவில்லை. 1904இல் எடுக்கப்பட்ட சாலைக் கணக்கின்படி, நாட்டிலிருந்த சுமார் 21 லட்சம் மைல் கிராமப்புறச் சாலையில் கல்லோ சரளையோ பரப்பப்பட்டது ஏறத்தாழ 7 சதவீதம் மட்டுமே. 1908இல் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ கார், சேற்றுத் தடங்களில் அடிபடாமல் செல்லும் அளவுக்குத் தரையிலிருந்து உயர்ந்து நின்றது. 850 டாலராகத் தொடங்கிய அதன் விலை 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியபோது, தொழிலாளர் குடும்பங்களும் விடுமுறைக்குக் கிளம்பின. ஹென்றி ஃபோர்டும் டயர் தொழிலதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸும் நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் வாழ்ந்த தாமஸ் எடிசனும் கூட்டாக மேற்கொண்ட முகாம் பயணங்களைப் பத்திரிகைகள் விரிவாக வெளியிட்டு, இந்த ஆர்வத்தை மேலும் வளர்த்தன. ஆனால் அந்த நால்வருடனும் சமையலுக்கென்று தனி லாரியும் பணியாளர்களும் சென்றனர். சாதாரணக் குடும்பத்தின் நிலையை உண்மையாகக் காட்டியது, 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரப் பூங்கா ஒன்றில் தொடங்கப்பட்ட ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்னும் சங்கம்தான். தகர டப்பியில் அடைத்த உணவை உண்டு, காரோடு சேர்த்துக் கட்டிய கூடாரத்தில் உறங்கிய அவர்கள், ரேடியேட்டர் மூடியின்மேல் ஒரு தகர டப்பியைப் பற்றவைத்துக்கொண்டு, அதையே சங்கத்தின் அடையாளமாக்கினர்.

நகராட்சிகள் தொடக்கத்தில் இவர்களுக்கு இலவச முகாம் திடல்களை அமைத்துத் தந்தன. வந்தவர்கள் ஊர்க்கடைகளில் செலவிடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. வேலை தேடி அலையும் ஏழைகளும் அதே திடல்களில் தங்கத் தொடங்கியதும், 1920களின் நடுவில் பல ஊர்கள் கட்டணம் விதித்தன. மலிவாகத் தங்குபவர் விருந்தினரா, வீடற்றவரா என்ற ஐயம் அன்று முதல் இந்த வண்டியை விட்டு விலகவேயில்லை.

துணிக்கூடாரத்திலிருந்து கடினச் சுவர் கொண்ட பெட்டிக்கு மாறிய மாற்றம் டெட்ராய்ட்டில் நிகழ்ந்தது. நுண்ணுயிர் ஆய்வாளரான ஆர்தர் ஷெர்மன், சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று சொல்லி விற்கப்பட்ட கூடார டிரெய்லர் ஒன்றை வாங்கி, மழையில் குடும்பத்தோடு நனைந்த பின், தாமே ஒரு மரப்பெட்டியை வடிவமைத்துச் சக்கரங்களின் மேல் ஏற்றினார். ‘கவர்டு வேகன்’ என்று பெயரிடப்பட்டுச் சுமார் 400 டாலருக்கு விற்ற இந்த டிரெய்லரைச் செய்த அவரது நிறுவனம், 1930களின் நடுவில் நாட்டின் மிகப்பெரிய டிரெய்லர் தொழிற்சாலையாக வளர்ந்தது. அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஹாலி போலஸ் என்னும் கிளைடர் வடிவமைப்பாளர் விமான உடலைப் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த டிரெய்லரை உருவாக்க, அதைப் பின்பற்றி வாலி பையம் 1936இல் வெளியிட்ட ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ 1,200 டாலருக்கு விலைபோனது. இன்னும் இருபது ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் டிரெய்லரில் வாழ்வார்கள் என்று பொருளாதாரக் கணிப்பாளர் ரோஜர் பாப்சன் கூறியதும் இந்த வேகத்தைக் கண்டுதான். பெருமந்தத்தின் நடுவே 1,200 டாலர் என்பது, ஒரு சாதாரணக் காரின் விலையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. காரை வாங்கவே கடன்பட்ட குடும்பத்துக்கு அதில் இடம் இல்லை.

அந்தக் குடும்பம் தானே செய்துகொண்டது. கண்ணீர்த்துளியைப் படுக்கவைத்தது போன்ற பக்கத் தோற்றத்தால் ‘டியர்டிராப்’ என்று அழைக்கப்பட்ட சிறு டிரெய்லரின் வரைபடங்களை, கைத்தொழில் ஆர்வலர்களுக்கான இதழ்கள் 1930களிலிருந்து வெளியிட்டன. அமெரிக்காவில் பிளைவுட் 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட பலகையாக விற்கப்படுகிறது. டியர்டிராப்பின் அறையும் அதே 4 அடி அகலம், 8 அடி நீளம். பக்கச் சுவருக்கு ஒரு பலகை, தரைக்கு ஒரு பலகை என்று வெட்டினால் மிச்சம் வீணாவதில்லை. வெட்டிய துண்டுகள் அலமாரிக்குப் போயின. உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் குட்நைட்டின் சமையல் அலமாரி அங்கே இருக்கும். எடை குறைவு என்பதால் அன்றைய சிறு கார்களும் அதை இழுத்தன. மரவேலை தெரிந்த ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் சில வார இறுதிகளில் முடித்துவிடக்கூடிய இந்தப் பெட்டியே, அமெரிக்க டிரெய்லர் வரலாற்றின் மிக நேர்மையான படைப்பு என்று மதிப்பிடுவது மிகையாகாது. பொருளின் அளவே வடிவத்தைத் தீர்மானித்தது; அழகு அதைத் தொடர்ந்து தானே வந்தது.

இரண்டாம் உலகப் போர் இரண்டு திசைகளில் இந்த வண்டியை மாற்றியது. முதலாவது, அது தங்குமிடம் அற்றவர்களின் வீடாயிற்று. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ரிச்மண்டில் கைசர் கப்பல் கட்டும் தளங்கள் எழுந்தபோது, 1940இல் 24 ஆயிரத்தை எட்டாதிருந்த மக்கள்தொகை மூன்றே ஆண்டுகளில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. நாடெங்கும் இத்தகைய போர்த்தொழில் ஊர்களில் குவிந்த தொழிலாளர்களைத் தங்கவைக்க, அரசே டிரெய்லர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி நிறுத்தியது. போருக்குப் பின்னும் பலர் அவற்றிலேயே வாழ்ந்தனர். அவர்களுக்காக அகலம் கூட்டப்பட்டு, 1950களின் நடுவில் 10 அடி அகல வண்டிகள் வந்தபோது, அவை சாதாரணக் கார் இழுக்க முடியாத ‘மொபைல் ஹோம்’ என்னும் தனி இனமாகப் பிரிந்துபோயின.

இரண்டாவது மாற்றம் ஆஃப்ரோடு டிரெய்லரின் பிறப்பு. ஜீப்பின் முதல் வடிவத்தை உருவாக்கிய பென்சில்வேனியாவின் அமெரிக்கன் பாண்டம் நிறுவனம், ஜீப் தயாரிப்பின் பெரும்பகுதி வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்ட பின், அதற்கான கால் டன் இழுவண்டியைச் செய்யும் பணியைப் பெற்றது. டி-3 என்ற குறியீட்டைக் கொண்ட இந்த வண்டி சுமார் 550 பவுண்டு எடையுள்ள ஓர் எஃகுத் தொட்டி மட்டுமே. ஒரு பவுண்டு என்பது 450 கிராமுக்குச் சற்று அதிகம். கரடுமுரடான நிலத்தில் அது 500 பவுண்டு சுமந்தது. அதன் சிறப்பு மூன்று நுணுக்கங்களில் அடங்கியிருந்தது. ஜீப்பின் அதே சக்கரமும் அதே டயரும் இதற்கும் பொருத்தப்பட்டதால், ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் உதவியது. இரு சக்கரங்களுக்கும் இடையிலான அகலம் ஜீப்பைப் போன்றே இருந்ததால், ஜீப் பதித்த தடத்திலேயே இதுவும் வந்தது. சேற்றில் புதிய தடம் கிழிக்க வேண்டிய கூடுதல் இழுவிசை மிச்சமாயிற்று. கடைசியாக, உருண்டைத் தலையின்மேல் கிண்ணம் போலக் கவிழ்ந்து உட்காரும் சாதாரண இணைப்புக்குப் பதிலாக, கனமான இரும்பு வளையம் ஒன்று ஜீப்பின் கொக்கியில் மாட்டிக்கொண்டது. உருண்டை இணைப்பு ஓரளவுக்கு மேல் முறுக முடியாது, வளையமோ ஜீப் ஒருபக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாயும்போதும் விடாது. நீர்புகாத தொட்டி என்பதால் ஆழமான ஆற்றில் அது மிதக்கவும் செய்தது.

பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்ட இவை போர் முடிந்ததும் உபரிச் சரக்காக விற்பனைக்கு வந்தன. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் ஜீப்பையும் அதன் டிரெய்லரையும் சேர்த்தே வாங்கினர். கலிஃபோர்னியாவில் டாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் ரூபிகான் என்னும் பாறைப் பாதையில் ஜீப் குடும்பங்களின் கூட்டுப் பயணம் 1953இல் தொடங்கி இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. 1960களில் படைக்கு வந்த எம்-416 என்னும் பிற்காலக் கால் டன் வண்டியும் அதேபோல உபரியாகி, அதன் தொட்டிக்கு மேல் சட்டம் கட்டி, காரின் கூரைமேல் விரிக்கும் மடிப்புக் கூடாரத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்றளவும் நீடிக்கிறது. 1866இன் படைவண்டிக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்திருந்தாலும், அரசு கழித்துவிட்டதைக் குடிமகன் எடுத்துத் திருத்திக்கொண்டான் என்ற கதை மாறவில்லை.

தொழில்துறை இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. 1956இன் நெடுஞ்சாலைச் சட்டம் நாடெங்கும் அகலமான தார், கான்கிரீட் சாலைகளை விரித்தது. 1962இல் மான்டானாவின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கே.ஓ.ஏ. போன்ற தனியார் முகாம் நிலையங்கள் மின்சாரமும் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் தந்தன. குழாயும் கம்பியும் காத்திருக்கும் இடத்துக்கே செல்லும் வண்டிக்கு உயரமும் வலிமையும் தேவைப்படவில்லை. குளிர்பதனமும் கழிவறையும் சோபாவும் ஏறின, தரையிலிருந்து உயரம் குறைந்தது, எடை கூடியது. இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரைச் சுற்றி ஆமிஷ் தச்சர்களின் கைத்திறனை நம்பி வளர்ந்த தொழிற்சாலைகள் நாட்டின் டிரெய்லர்களில் மிகப் பெரும்பகுதியை உற்பத்தி செய்கின்றன. விரைவாகவும் மலிவாகவும் செய்வதற்காக மரச்சட்டத்தின்மேல் மெல்லிய தகடுகளை ஒட்டியும் பிணைத்தும் எழுப்பும் அவர்களது முறை நெடுஞ்சாலைக்குப் போதுமானது. ஆனால் மண்சாலையின் ஓயாத அதிர்வில் மூட்டுகள் தளர்ந்து, அந்த இடுக்கில் மழைநீர் புகுந்து மரத்தை உளுக்கச் செய்யும். இதனை நன்கு உணர்ந்த பையம், 1951 முதல் தம் ஏர்ஸ்ட்ரீம்களைக் கூட்டமாக மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும், 1959இல் கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்கும் அழைத்துச் சென்று, உடைந்த இடங்களைக் குறித்து வந்து வடிவத்தைத் திருத்தினார்.

குறைந்த வருவாய்க் குடும்பங்களை இக்காலத்தில் தாங்கி நின்றது மடிப்புக் கூடார டிரெய்லர். தாழ்வான பெட்டியின் மூடியை உயர்த்தி இருபக்கமும் படுக்கைகளை இழுத்தால், நான்கு பேர், சில சமயம் ஆறு பேர் உறங்கத்தக்க துணி வீடாக அது விரிந்தது. கூடாரத்துக்கும் விளக்குக்கும் பெயர்பெற்ற கோல்மன் நிறுவனம் 1967 முதல் பென்சில்வேனியாவின் சாமர்செட்டில் இவற்றைச் செய்தது. 1968இல் இந்தியானாவில் லாயிட் பான்ட்ரேகர் தொடங்கிய ஜேகோ நிறுவனமும் கூரையை உயர்த்தும் இயந்திர அமைப்பு ஒன்றைக் கொண்டே வளர்ந்தது. மூட்டுகளால் வரும் சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்ணாடியிழையில் கிடைத்தது. படகைப் போல இரண்டே அச்சுகளில் வார்த்து, மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் நடுவில் இணைக்கும் முறையை 1968இல் கனடாவின் போலர் நிறுவனம் அறிமுகம் செய்தது. அதன் வழியில் வந்த காசிட்டா டிரெய்லர்கள் 1980களிலிருந்து டெக்சஸில் தயாராகின்றன. இணைப்புகள் குறைவாக இருப்பதால் ஒழுகல் குறைவு. முப்பது ஆண்டு பழையவையும் நல்ல நிலையில் கைமாறுவதற்கு இதுவே காரணம். பழையதை வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு, மரச்சட்டம் கொண்ட புதியதைவிடப் பழைய கண்ணாடியிழை வண்டியே பெரும்பாலும் பாதுகாப்பான செலவு.

மண்சாலைக்குத் திரும்பும் போக்கு 2010ஐ ஒட்டி வலுப்பெற்றது. நகரங்களுக்கு இடையே நெடுந்தொலைவு மண்சாலைகளைக் கொண்ட ஆஸ்திரேலியாவில் ‘கேம்பர் டிரெய்லர்’ ஏற்கெனவே முதிர்ந்த தொழிலாக இருந்தது. அந்த வடிவங்கள் அமெரிக்கச் சந்தைக்கும் வந்து சேர்ந்தன. டெக்சஸிலோ இதற்கு வேறொரு தொடக்கம் வாய்த்தது. ஹூஸ்டனிலுள்ள நாசா மையத்தில், விண்வெளி நிலையத்தில் மனிதர் வாழும் இடங்களை வடிவமைக்கும் பணியிலிருந்த கட்டடக் கலைஞர் காரெட் ஃபின்னி, அங்கே கற்ற இடச்சிக்கனத்தைக் கொண்டு ‘கிரிக்கெட்’ என்னும் சிறு டிரெய்லரை உருவாக்கினார். ஃபின்னியின் தொழில் பின்னர் டாக்சா அவுட்டோர்ஸ் என்ற பெயரில் வளர்ந்தது. ஓட்டும்போது தாழ்ந்தும் நின்றபின் உயர்ந்தும் இருக்கும் கிரிக்கெட்டின் கூரை, 2,000 பவுண்டுக்குக் குறைந்த எடை, பழுது பார்ப்பவர் கண்ணில் படும்படி மறைக்காமல் விடப்பட்ட குழாய்களும் கம்பிகளும் ஆகியவை கருவிப் பெட்டியின் மனநிலையில் எழுந்தவை, வரவேற்பறையின் மனநிலையில் அல்ல.

இக்கால ஆஃப்ரோடு டிரெய்லரின் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் அடியிலுள்ள தாங்கமைப்பு. பழமையானதும் மலிவானதும் ஆகிய முறையில், ஒரே இரும்பு அச்சு இரு சக்கரங்களையும் இணைக்க, வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு அதிர்ச்சியைத் தாங்கும். நம் லாரிகளிலும் வில்வண்டிகளிலும் கண்ட வில் இதுவே. உடைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் மாற்றிவிடலாம். அடுத்தது, சதுரக் குழாய்க்குள் ரப்பர்த் தண்டுகளை இறுக்கி, அவை முறுகுவதன் மூலம் அதிர்ச்சியை வாங்கும் ‘டார்ஷன்’ அச்சு. ஓட்டம் மென்மையானது, ஆனால் ரப்பர் தேய்ந்தால் முழு அச்சையே மாற்ற வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கையில் தனித்து ஏறியிறங்குவதும் குறுக்கு அச்சு இல்லாததும் ஆகிய தனித்தாங்கு முறை. நடுவில் பாறை தட்டாது, விலையோ மிக அதிகம். ஆண்டுக்குச் சில முறை காட்டு முகாமின் சரளைச் சாலையில் செல்லும் குடும்பத்துக்கு எஃகுப் பட்டையும் நல்ல உயரமான டயரும் போதும். பிற இரண்டுக்கும் தரும் கூடுதல் விலையின் பலனை அவர்கள் தங்கள் பாதைகளில் ஒருபோதும் பெறமாட்டார்கள்.

எத்தகைய பாதை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது. நியூ ஜெர்சியில் 1,20,000 ஏக்கருக்கு மேல் பரந்த வார்ட்டன் காட்டின் பாதைகள் சர்க்கரை போன்ற நுண்மணல். அங்கே பாறையைவிடப் புதைதலே ஆபத்து என்பதால், அகலமான டயரும் குறைந்த எடையும் முதன்மை பெறுகின்றன. டெக்சஸ் நிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியாருடையது. ஆகவே பொதுமக்களின் கரடுமுரடுப் பயணம், 60 மைல் நீளக் கடற்கரையில் வண்டி ஓட்டத்தக்க பேட்ரே தீவு, பிக் பெண்ட் தேசியப் பூங்கா போன்ற சில இடங்களில் குவிகிறது. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியினரின் நிலை நேர் எதிரானது. கலிஃபோர்னியாவில் பாதிக்குச் சற்றே குறைந்த நிலம் ஒன்றிய அரசின் வசம் உள்ளது, அதன் நில மேலாண்மைத் துறைக்குரிய நிலங்களில் பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். அங்கே குழாயும் மின்சாரமும் இல்லாததால், தண்ணீர்த் தொட்டியும் மின்கலமும் தேவையாகின்றன. பிரேக் சட்டமும் ஒன்றாக இல்லை. மொத்த எடை கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டை எட்டினாலே கேம்ப் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நியூ ஜெர்சியில் அந்த வரம்பு 3,000 பவுண்டு, டெக்சஸில் 4,500 பவுண்டு. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்தக் காரும் மணிக்கு 55 மைலைத் தாண்டக்கூடாது.

பிரிட்ஜ்வாட்டரிலும் லிவர்மோரிலும் ஹூஸ்டனை அடுத்த பேர்லாண்டிலும் கோயில்களை எழுப்பி, அவற்றைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த வரலாற்றின் அண்மைப் பகுதியில் பங்கேற்கின்றன. எடிசன் என்ற நியூ ஜெர்சி ஊரே, முன்னர் சொன்ன முகாம் பயணியின் நினைவாக 1954இல் பெயர் மாற்றப்பட்டது. பெற்றோரும் குழந்தைகளும் ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியும் ஒன்றாகச் செல்லும் இக்குடும்பங்களில் மினிவேன் பழகிய வாகனம். அதுவே டிரெய்லரின் எல்லையையும் வகுக்கிறது. ஹோண்டா ஒடிசி உரிய துணைக்கருவிகளோடு 3,500 பவுண்டு வரை இழுக்கும். 2021 முதல் ஹைபிரிட்டாக மட்டுமே வரும் டொயோட்டா சியன்னாவுக்கு வரம்பு 1,500 பவுண்டு. விளம்பரத்தில் காட்டப்படும் வெறும் வண்டியின் எடையை இதோடு ஒப்பிடுவது தவறு. ஒரு காலன் தண்ணீர் 8 பவுண்டுக்கு மேல் கனப்பதால், 20 காலன் தொட்டி மட்டுமே 165 பவுண்டைத் தாண்டும். அதன்மேல் எரிவாயு உருளை, அரிசி மூட்டை, குக்கர், படுக்கைகள் எல்லாம் ஏறும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கிமேல் இறங்க வேண்டும் என்பதும், இழுக்கும் காரில் ஏழு பேர் அமர்ந்திருந்தால் அந்தப் பளுவுக்கான இடமும் சுருங்கும் என்பதும் பெரும்பாலும் கணக்கில் வராதவை.

நோய்த்தொற்றுக் காலத்தில் விமானமும் விடுதியும் தவிர்க்கப்பட்டதால் இத்தொழில் வரலாறு காணாத உயரத்தை அடைந்தது. தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறிய முகாம் வாகனங்கள் 2021இல் 6 லட்சத்தைத் தாண்டின. 2023இல் அது சுமார் 3 லட்சத்து 13 ஆயிரமாகப் பாதிக்குப் பாதி சரிந்தது. அவசரத்தில் வாங்கப்பட்டு அதிகம் பயன்படாத வண்டிகள் பழைய வண்டிச் சந்தைக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கும் இன்றைய நிலை, போருக்குப் பிந்தைய உபரிக் காலத்தைப் போலவே, பொறுமையுள்ள குடும்பத்துக்குச் சாதகமானது. ஒவ்வொரு டிரெய்லரின் இடப்பக்க முன்பாதியிலும், வெளியிலிருந்தே படிக்கும்படி, சுமையோடு சேர்த்து அது தாங்கத்தக்க மொத்த எடையைக் குறிக்கும் தகடு சட்டப்படி ஒட்டப்பட்டிருக்கும். வாங்கச் செல்பவர்கள் கதவைத் திறந்து உள்ளே படுக்கைகளைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தகட்டைப் படித்து, தங்கள் காரின் இழுவை வரம்பை அதோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.